8 'பி'யில் ஒரு பி.எட். டீச்சர்

"பி.எட். டீச்சர்" என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். கணக்கு டீச்சர், தமிழ் ஐயா, பி.டி. சார் என்று நீளும் வரிசையின் கடைசியில், வருடத்தில் சில மாதங்களுக்கு மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும் பதவி அது. அந்தப் பதவிக்கு என்னென்ன அதிகாரம் கிடையாது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே அத்துப்படி. அவர் போடும் மார்க் ரேங்க் கார்டில் ஏறாது. 'நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா' என்று சொல்லிப் பார்க்கலாம். அப்பா வர மாட்டார். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். போகிற அன்றைக்கு ஆளுக்கொரு சாக்லேட் உண்டு.

இவ்வளவும் தெரிந்த நாற்பது சொச்சம் பேருக்கு முன்னால், இதில் எதையும் யாரும் சொல்லித் தராத ஒருவர் சாக்பீஸும் டஸ்டருமாகப் போய் நிற்கிறார். ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இப்படி நிற்கிறார்கள். அந்த 45 நிமிடத்தில் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று நாம் பேசுவதே இல்லை. டெட் தேர்வு, நியமனம், பணிமாறுதல், போராட்டம் என்று ஆசிரியர்களைப் பற்றிய செய்தியெல்லாம் வகுப்பறைக் கதவுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயரும் தன் பெயரும் வேண்டாம் என்றார் நான் சந்தித்த பயிற்சி ஆசிரியை. காரணம் நியாயமானது: செய்முறைத் தேர்வு மார்க் இன்னும் போட்டு முடியவில்லை. பி.எஸ்சி. வேதியியல் படித்தவர், பி.எட். இரண்டாம் ஆண்டு. முதல் வாரம் முழுக்க வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து 'அப்சர்வேஷன்' எழுதினார். அறிவியல் ஆசிரியரான அவர் உள்ளே வருவார், பாடம் நடக்கும், பெல் அடிக்கும். சத்தமே இல்லை. இவர் நோட்டில் எழுதிவைத்திருப்பதைக் காட்டினார்: 'வகுப்பறைக் கட்டுப்பாடு – மிக நன்று.' அதற்கு மேல் எழுத ஒன்றும் கண்ணில் படவில்லை.

இரண்டாவது வாரம் 8 'பி' அவர் கைக்கு வந்தது. பாடம், அமிலங்களும் காரங்களும். எட்டாம் வகுப்பு அறிவியலில் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகிற பாடம் அது. தாள் நிறம் மாறும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? எலுமிச்சைச் சாறு, மோர், சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், லிட்மஸ் தாள் எல்லாம் வீட்டிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் சேகரித்துக்கொண்டு போனார். லெசன் பிளான் பக்காவாக இருந்தது. கல்லூரியில் இதே பாடத்தை நடத்திக்காட்டி நல்ல பெயர் வாங்கியிருந்தார்.

லிட்மஸ் தாளை முதல் பெஞ்சிலிருந்து தன் கையாலேயே கொடுக்க ஆரம்பித்தார். பிழை அங்கேதான் இருந்தது என்று இப்போது சொல்கிறார், அன்றைக்குத் தெரியவில்லை. மூன்றாவது பெஞ்சுக்கு வருவதற்குள் முதல் பெஞ்சு தோய்த்து முடித்துவிட்டு அடுத்து என்ன என்று பார்த்தது. கடைசி பெஞ்சு காத்திருந்து அலுத்து, வேறு வேலை பார்க்கத் தொடங்கியிருந்தது. "டீச்சர், இவன் சாறைக் குடிச்சிட்டான்!" வகுப்பே சிரித்தது. "டீச்சர், என் தாளை இவன் எடுத்துக்கினான்." "டீச்சர், பாத்ரூம்." "டீச்சர், எங்க சார் இப்படி நடத்த மாட்டாரு." அதட்டினார், ஒரு நொடி அடங்கி, இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

கடைசியில் எல்லோரும் செய்வதைச் செய்தார். லீடரைக் கூப்பிட்டு, "பேசுறவங்க பேரை போர்டுல எழுது" என்றார். பத்துப் பதினைந்து பெயர் ஏறிவிட்டது. பெயர் ஏறியவனுக்கு அதற்கு மேல் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. ஏறாதவன், 'நான் பேசவே இல்ல, என் பேரையும் எழுதப் பார்க்குறான்' என்று லீடரோடு சண்டைக்குப் போனான். பக்கத்து வகுப்பு ஆசிரியை வாசலில் வந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, சந்தையா இது?" என்று கேட்டபோது நல்லவேளையாக பெல் அடித்தது.

ஆசிரியர் அறையில் மூத்த ஆசிரியர் ஒருவரிடமிருந்து அவருக்குக் கிடைத்த முதல் ஆலோசனையை இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் ஊகித்துவிடலாம். "ஒரு குச்சி வெச்சுக்கம்மா. அடிக்கல்லாம் வேணாம். சும்மா டேபிள்ல தட்டினாப் போதும்."

குச்சியின் கதை நம் ஊரில் நீளமானது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் வரைக்கும் இருந்தது. அதைத் தாத்தாக்கள் பெருமையாகச் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-வது விதியைத் திருத்தி, 2003-ல் இந்த மாநிலம் உடலுக்கோ மனதுக்கோ வலி தரும் தண்டனையைத் தடை செய்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு நாடு முழுக்க அதையே சொன்னது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளைப் பள்ளிகளில் செயல்படுத்துங்கள் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து இத்தனை வருடம் கழித்தும் குச்சி மேஜை மேல் கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

'அடிக்க வேண்டாம், தட்டினால் போதும்' என்பதும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. என்றைக்கோ ஒருநாள் விழும் என்ற பயம் இருந்தால்தானே தட்டும் சத்தத்துக்கு மரியாதை? ஆனால் அந்த மூத்த ஆசிரியரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. குச்சியை எடுத்துவிடு என்று சட்டம் சொன்னது. அந்த இடத்தில் எதை வைக்க வேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தருகிற இடம் பயிற்சிக் கல்லூரிதானே? அங்கே என்ன நடக்கிறது?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஒழுங்குமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடப் படிப்பானது. அதில் மொத்தம் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும்: முதல் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம். பழைய ஓராண்டுப் படிப்போடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். பள்ளிக்குப் போவதற்கு முன்னால் கல்லூரியிலேயே நுண்ணிலைக் கற்பித்தல் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களில் பிறந்த முறை அது. ஒரு சின்னப் பாடப் பகுதி, ஒரு திறன், சில நிமிடங்கள். பாடத்தைத் தொடங்கும் திறன் ஒருநாள், வினா கேட்கும் திறன் ஒருநாள், கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன் இன்னொரு நாள். நடத்திக் காட்டு, குறை கேள், மறுபடி நடத்து. நல்ல யோசனைதான். சிக்கல் என்னவென்றால், மாணவர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் சக பயிற்சி ஆசிரியர்கள். அவர்கள் கிள்ள மாட்டார்கள். எலுமிச்சைச் சாறைக் குடிக்க மாட்டார்கள். அடுத்து தங்கள் முறை என்பதால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார்கள்.

இன்னொரு பக்கம் ரெக்கார்டு. பாடத்திட்டப் பதிவேடு, உற்றுநோக்கல் பதிவேடு, தனியாள் ஆய்வு, கற்பித்தல் துணைக்கருவி, சார்ட், ஆல்பம். இரவு பதினொரு மணிக்கு ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் போட்டுக்கொண்டிருக்கும் பயிற்சி ஆசிரியை, மறுநாள் காலை 8 'பி'யில் யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று யோசிக்கப் போவதில்லை. காசு கொடுத்தால் ரெக்கார்டு எழுதித் தர ஆளும் இருக்கிறது என்பது இந்த வட்டாரத்தில் ரகசியமல்ல.

குஜராத்தி கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா 1930களில் எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. பல கல்லூரிகளில் வாசிக்கச் சொல்வார்கள். அதில் வரும் ஆசிரியர் புதுமையான கல்விக் கொள்கைகளைத் தலை நிறையச் சுமந்துகொண்டு முதல் நாள் வகுப்புக்குப் போகிறார். அமைதி விளையாட்டு என்று ஒன்றை நடத்த முயல்கிறார். பிள்ளைகள் அதைக் கூச்சலாக்கிவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் வகுப்பைக் கலைத்து அனுப்பிவிடுகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார்; அங்கிருந்துதான் எல்லாம் மாறுகிறது. புத்தகத்தைப் பாராட்டுகிறவர்கள் கதை சொன்ன இரண்டாம் நாளையே பேசுகிறார்கள். எனக்கு அந்த முதல் நாள்தான் முக்கியமாகப் படுகிறது. நல்ல எண்ணமும் நல்ல படிப்பும் இருந்தும் வகுப்பு கைநழுவும் என்பதை, ஒரு கல்வி மேதை அட்டைக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்.

ஏன் நழுவுகிறது என்பதற்கு ஓரளவு பதில் சொன்னவர் ஜேக்கப் கவுனின். டெட்ராய்ட் நகரின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். அவர் ஆராய்ச்சி தொடங்கிய விதமே சுவையானது. வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒரு மாணவர் செய்தித்தாள் படிப்பதைப் பார்த்துக் கண்டித்தார். அந்த மாணவர் நிறுத்தியது பெரிதல்ல. மற்ற எல்லோரும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்ததுதான் அவரை யோசிக்க வைத்தது. ஒருவரை அதட்டினால் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன ஆகிறது? எப்படி அதட்டினால் நல்ல பலன் – கண்டிப்பாகவா, தன்மையாகவா, காரணம் சொல்லியா? வருடக்கணக்காக ஆராய்ந்தும் உருப்படியான விடை கிடைக்கவில்லை. பிறகு வகுப்பறைகளில் கேமரா வைத்துப் படம்பிடித்து, வகுப்பை நன்றாக நடத்துகிறவர்களையும் தடுமாறுகிறவர்களையும் ஒப்பிட்டார். 1970-ல் வெளியான புத்தகத்தில் அவர் சொன்ன முடிவு இதுதான்: குழப்பம் வந்த பிறகு செய்வதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசமெல்லாம் குழப்பம் வருவதற்கு முன்னால் செய்வதில் இருந்தது.

அறை முழுக்க என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது. ஒருவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இன்னொருவனைக் கவனிப்பது. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி விழாமல் நகர்வது. நாற்பது பேரில் யாரும் சும்மா காத்திருக்காமல் பார்த்துக்கொள்வது. கவுனின் பட்டியலின் சாரம் இவ்வளவுதான். வகுப்பறையில் கத்தல் தொடங்கும்போது, அதற்கான காரணம் ஐந்து நிமிடத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு அல்ல, தோற்றுப்போன எரிச்சலில்தான் அந்தப் பயிற்சி ஆசிரியை வழிகாட்டி ஆசிரியரிடம் போய், "சார், உங்க கிளாஸ்ல இன்னொரு வாட்டி உட்காரட்டுமா?" என்று கேட்டார். "அதான் ஒரு வாரம் பார்த்தியேம்மா. இதுல என்ன இருக்கு பார்க்க?" என்று சிரித்தாராம். அவர் பொய்யாக அடக்கம் காட்டவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிற வேலையில் தன் கை என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியாது. தொழில் நன்றாகக் கைவந்தவர்களிடம் இருக்கிற பெரிய தொல்லை இது. கேட்டால் சொல்லத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் திருட வேண்டும்.

இரண்டாவது முறை நோட்டு நிரம்பியது. அந்தப் பக்கங்களை எனக்குக் காட்டினார். நானும் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன்.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் வருவதற்குள் வழிகாட்டி ஆசிரியர் வகுப்பில் இருந்தார். போர்டில் இரண்டு வரிக் கேள்வி ஒன்று ஏற்கெனவே எழுதியிருந்தது. உள்ளே வருகிறவன் எழுத உட்கார வேண்டியதுதான். 'உட்காரு', 'பேசாதே', 'நோட்டை எடு' என்று ஒரு வார்த்தை வரவில்லை. எல்லா வகுப்பிலும் சத்தம் பிறக்கிற அந்த மூன்று நிமிடத்துக்கு இவர் வகுப்பில் இடமே இல்லை.

போர்டில் எழுதும்போது முழு முதுகையும் காட்டவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கண் வகுப்பின் மேல். நீளமாக எழுதவும் இல்லை. நான்கு சொல், திரும்பல், மறுபடி நான்கு சொல். பயிற்சி ஆசிரியர்கள் போர்டு முழுக்க அழகாக எழுதுவார்கள், அதற்கு மார்க் உண்டு. எழுதி முடித்துத் திரும்பும்போது பின்னால் ஒரு தனி ராஜ்யம் நடந்துகொண்டிருக்கும்.

நான்காவது பெஞ்சில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனின் தொடையில் காம்பஸ் முனையை வைத்தான். ஆசிரியர் பார்த்தார். பாடத்தை நிறுத்தவில்லை, பெயரைச் சொல்லவில்லை. நடந்துகொண்டே வந்து அந்த பெஞ்சின் ஓரத்தில் கையை ஊன்றி நின்று, அதே வாக்கியத்தை முடித்தார். காம்பஸ் பெட்டிக்குள் போனது. வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பயிற்சி ஆசிரியையாக இருந்தால் 'ஏய், என்ன பண்ற?' என்று கேட்டிருப்பார். நாற்பது தலை திரும்பியிருக்கும். 'ஒண்ணும் பண்ணல டீச்சர்' என்று அவன் எழுந்து நின்று விசாரணை நடந்திருக்கும். பாடம் அங்கேயே படுத்திருக்கும்.

கேள்வி கேட்கும் வரிசையையும் கவனித்தேன். புதியவர்கள், "முருகா, அமிலத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்லு" என்பார்கள். முருகன் என்று சொன்னவுடன் மற்றவர்களுக்கு விடுமுறை. இவர் கேள்வியை முதலில் போட்டார். பேசாமல் இருந்தார். அது ஆசிரியருக்கே சங்கடம் தரும் அளவுக்கு நீண்ட மௌனம். பிறகுதான் பெயர். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதைக் கடிகாரம் வைத்தே பார்த்திருக்கிறார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரே ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் திறக்கிறார்கள். வழிகாட்டி ஆசிரியர் ரோவைப் படித்தவர் அல்ல. "டக்குன்னு பதில் வேணும்னா முதல் பெஞ்சுதான் சொல்லும், அது எனக்கு எதுக்கு?" என்றார்.

அவருக்கும் கோபம் வந்தால் சாக்பீஸ் பறக்கும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் இருந்த அன்று பறக்கவில்லை.

பொருள் கொடுக்கும் விஷயத்தில் மட்டும் அவரே வாய் திறந்து ஒன்று சொல்லிக் கொடுத்தார்: "கையில பொருள் வந்ததும் காது மூடிக்கும்மா. சொல்றதையெல்லாம் முதல்ல சொல்லு. ஒருத்தனை எழுப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லு. அப்புறம் குடு. நீ குடுக்காத, பெஞ்சுக்கு ஒருத்தனை வந்து எடுத்துக்கச் சொல்லு." பயிற்சி ஆசிரியை அடுத்த வாரம் மஞ்சள் தாளும் செம்பருத்திச் சாறும் வைத்து அதே பாடத்தின் தொடர்ச்சியை நடத்தினார். சோப்புத் தண்ணீர் பட்டு மஞ்சள் தாள் சிவந்தபோது சத்தம் வந்தது. அதை அடக்கவில்லை. பாடத்தைப் பற்றிய சத்தம் வேறு, பாடத்தின் மேல் ஏறி வரும் சத்தம் வேறு என்று அதற்குள் அவருக்குக் காது பழகிவிட்டிருந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு அந்த வேறுபாடு கேட்டிருக்காது. அன்றைக்கும் வந்து எட்டிப் பார்த்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 'சாட்டை' (2012), 'ராட்சசி' (2019) போன்ற படங்களில் வருகிற ஆசிரியர் ஒரு பாட்டுக்குள் பள்ளிக்கூடத்தையே திருத்திவிடுவார். அடங்காதவனைக் கூப்பிட்டுப் பொறுப்புக் கொடுத்தால் அவன் கண் கலங்கி மாறிவிடுவான் என்பது சினிமா கற்றுக்கொடுத்த வைத்தியம். நம் பயிற்சி ஆசிரியை அதையும் செய்து பார்த்தார். சாறு குடித்த பையனையே பொருள் வழங்கும் லீடராக்கினார். அவன் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் இரண்டிரண்டு தாள் கொடுத்து, பெண்கள் பக்கம் வருவதற்குள் தீர்த்துவிட்டான்.

லீடர் என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். திண்ணைப் பள்ளியில் மூத்த பிள்ளை ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான், கண்காணிப்பான். 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதைப் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது பெரிய மாணவர்களைக் கொண்டே சிறியவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் பெயர் மெட்ராஸ் காலேஜ்.

அந்த முறையில் மூத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் இருந்தது. இன்றைய 8 'பி'யில் மிஞ்சியிருப்பது போர்டில் பெயர் எழுதும் போலீஸ் வேலை மட்டும். அதில் எவன் பெயர் எழுதப்படும், எவன் பெயர் அழிக்கப்படும் என்பதற்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கும் என்று வெளியூரிலிருந்து வரும் பயிற்சி ஆசிரியருக்குத் தெரியாது. சில ஊர்களில் சாதி இருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கவும், கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கவும் பரிந்துரைத்தது. பேசுகிறவர்களைப் பிரித்து இடம் மாற்றி உட்கார வைப்பது பி.எட். புத்தகத்தில் ஒரு வரி உத்தி. களத்தில் அது தீக்குச்சியாகவும் ஆகலாம். இதை எந்த நுண்ணிலைக் கற்பித்தல் வகுப்பும் சொல்லித் தருவதில்லை.

உட்காரும் விதத்தைப் பற்றி 2025 ஜூலையில் ஒரு விவாதம் நடந்தது நினைவிருக்கும். ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சே இல்லாமல் 'ப' வடிவில் உட்கார வைக்கலாம் என்று பேச்சு கிளம்பி, நம் பள்ளிக் கல்வித் துறையும் சுற்றறிக்கை அனுப்பியது. கழுத்து வலிக்குமா, போர்டு தெரியுமா என்று தொலைக்காட்சிகளில் மருத்துவர்கள் வரை பேசினார்கள். உயர் தொடக்க வகுப்புக்கு 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். நாற்பதைத் தாண்டிய வகுப்பில் பெஞ்சுக்கு நடுவே ஆசிரியர் நடக்க வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 8 'பி'யில் வழிகாட்டி ஆசிரியர் கையை ஊன்றி நின்ற இடத்துக்குப் போக, பைகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சரி, அந்தப் பயிற்சி ஆசிரியை தோற்ற அன்றைக்கு வழிகாட்டி ஆசிரியர் எங்கே இருந்தார்? அலுவலக அறையில், எமிஸ் தளத்தில் பிள்ளைகளின் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் சோம்பேறி அல்ல. பி.எட். டீச்சர் வந்தால்தான் அவருக்கு அந்த நேரம் கிடைக்கும். ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளிகளில் பயிற்சி ஆசிரியர்கள் வருவது மழை வருவது போல. யாராவது விடுப்பா, பி.எட். டீச்சரை அனுப்பு. தமிழ் பீரியடா, பரவாயில்லை, வேதியியல் படித்தவர் போகட்டும். கற்றுக்கொள்ள வந்தவர் காலியிடத்தை நிரப்பிவிட்டுப் போகிறார், பொதுவாக ஊதியம் எதுவும் இல்லாமல். மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகையும் உண்டு, பக்கத்தில் நின்று பார்க்க மூத்தவரும் உண்டு. ஊசி போடத் தெரியாதவரிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு யாரும் கம்ப்யூட்டர் அறைக்குப் போவதில்லை.

கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து பார்க்கும் நாளைப் பற்றிக் கேட்டேன். பயிற்சி ஆசிரியை சிரித்துவிட்டார். அன்று காலை தலைமையாசிரியரே வகுப்புக்கு வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகளும் பாவம் பி.எட். டீச்சர் என்று கைகட்டி உட்கார்ந்து, கேட்காத கேள்விக்கெல்லாம் கை தூக்கினார்கள். பேராசிரியரின் குறிப்பு: 'வகுப்பறைக் கட்டுப்பாடு – மிக நன்று.'

இப்போது ஓராண்டு பி.எட். படிப்பை மறுபடி கொண்டுவரும் வரைவை தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2025-ல் வெளியிட்டிருக்கிறது. மறுபக்கம் நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பும் 2023-லிருந்து தொடங்கியிருக்கிறது. எத்தனை வருடம் என்பதில் நடக்கிற வாதத்தில் பாதியையாவது, பள்ளியில் இருக்கும் வாரங்களில் பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதற்குச் செலவழிக்கலாம். வழிகாட்டி ஆசிரியருக்கு அந்த வேலைக்கென்று பாடவேளை ஒதுக்கீடு இல்லை. அவர் உட்காரவில்லை என்று கேட்பாரும் இல்லை.

திருவண்ணாமலைப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு யோசனை இருக்கிறது. அடுத்த பேட்ச் வரும்போது முதல் இரண்டு வாரம் முழு பீரியட் கொடுக்க மாட்டாராம். முதல் பத்து நிமிடம் மட்டும் பயிற்சி ஆசிரியர் நடத்த வேண்டும்: உள்ளே வரவைப்பது, கேள்வியைப் போடுவது, பொருளைக் கொடுப்பது. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். மீதியை அவரே எடுத்துக்கொள்வார், பயிற்சி ஆசிரியர் பின்னால் போய் உட்கார்ந்து பார்க்கலாம். அன்றைக்கே இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம்.

தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னாராம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார். அப்போ எமிஸ் யார் ஏத்துறது?" என்று கேட்டாராம்.